பயிற்சி மருத்துவரிடம் யார் கேட்டார்கள்?

மருத்துவமனையில் ஆய்வு என்றால் படுக்கைகளை எண்ணுவார்கள், பேராசிரியர்களின் ஆதார் வருகைப் பதிவைப் பார்ப்பார்கள். அங்கே மேற்படிப்பு படிக்கும் மருத்துவருக்கு உண்மையில் யாராவது கற்றுத் தருகிறார்களா என்பதை அந்த எண்களிலிருந்து அறிய வழியில்லை.

குடும்ப மருத்துவத்தில் இந்தக் குறை இன்னும் பெரிது. தேசியத் தேர்வு வாரியத்தின் டிஎன்பி குடும்ப மருத்துவம் மூன்று ஆண்டுப் படிப்பு. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம் என்று துறை துறையாகச் சுற்றிவர வேண்டும். எந்த வார்டுக்குப் போனாலும் பயிற்சி மருத்துவர் சில மாதங்களில் கிளம்பிவிடுகிறவர்தான். அப்படிப்பட்டவரை உட்காரவைத்துச் சொல்லித் தருவதைவிட டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வைப்பது எளிது. இன்சுலின் அளவைத் திருத்தி வீட்டுக்கு அனுப்பிய அம்மா ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார், ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாரா, வீட்டில் யார் சமைக்கிறார்கள்? நாளை அந்தப் பயிற்சி மருத்துவர் பார்க்கப்போகும் வைத்தியமே இதுதான். வார்டில் இதைக் கற்க முடியாது.

கற்றல் சூழலை அளக்கக் கருவிகள் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் சூ ராஃப் குழுவினர் 1997-இல் மருத்துவ மாணவர்களுக்காக 50 கூற்றுகள் கொண்ட ‘டிரீம்’ படிவத்தை வெளியிட்டார்கள். 2005-இல் பயிற்சி மருத்துவர்களுக்கான ‘ஃபீம்’ வந்தது: 40 கூற்றுகள், மொத்தம் 160 மதிப்பெண். தகுதிக்குப் பொருந்தாத வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறதா, தவறு நேர்ந்தால் பழிபோடாத சூழல் உண்டா, பாலினப் பாகுபாடு இருக்கிறதா என்று அது கேட்கிறது. இரவு டியூட்டியில் சாப்பாடு கிடைக்கிறதா என்பதும் அதில் ஒன்று. அற்பமான கேள்வி அல்ல அது; பசியோடு நிற்பவரிடம் பாடம் ஏறாது.

ஆனால், மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரு மருத்துவமனை 110 வாங்கியும், படிப்புக்கென ஒதுக்கிய நேரம் உண்டா என்ற கேள்வியில் பூஜ்யம் வாங்கியிருக்கலாம். அதோடு, இது மருத்துவமனைப் பயிற்சிக்கு எழுதப்பட்ட படிவம். ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தீர்களா, வீடு தேடிப் போனீர்களா, கற்றுத் தந்தவர்களில் குடும்ப மருத்துவர் ஒருவராவது இருந்தாரா என்ற கேள்விகளை நாம்தான் சேர்க்க வேண்டும்.

பிரிட்டனில் பொது மருத்துவ கவுன்சில் ஆண்டுதோறும் பயிற்சி மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு, முடிவுகளைப் பொதுவில் வைக்கிறது. இங்கும் முடியாததல்ல. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய மனநலக் கணக்கெடுப்பில் முதுகலை மாணவர்கள் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள்.

சிக்கல் அச்சத்தில் இருக்கிறது. ஆய்வேட்டில் கையெழுத்திடும் துறைத் தலைவரைப் பற்றி யார் மனம்திறந்து எழுதுவார்கள்? வருடத்துக்கு இரண்டே பேர் சேரும் துறையில் பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். எனவே, கேட்பது வெளி அமைப்பாக இருக்க வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுப் பதில்களைச் சேர்த்தே வெளியிட வேண்டும். படிப்பை முடித்துச் சென்றவர்களையும் கேட்க வேண்டும். அந்த முடிவுகள் கலந்தாய்வுக்கு முன்பே, இடம் தேர்ந்தெடுக்கும் இளம் மருத்துவர்களின் கைக்குக் கிடைக்க வேண்டும்.