விளக்குக்கு ஒரு மூடி வேண்டும்

ஆசியாவிலேயே முதலில் மின் தெருவிளக்கு ஏற்றிய நகரம் பெங்களூரு என்று கர்நாடகத்தில் பெருமையாகச் சொல்வார்கள். சிவனசமுத்திரத்து நீர்மின்சாரத்தில் 1905 ஆகஸ்டில் சிட்டி மார்க்கெட் பக்கம் அந்த விளக்குகள் எரிந்தன. அன்று முதல் விளக்குகளைக் கூட்டிக்கொண்டே வந்த நகரம், வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பதில் அக்கறை காட்டவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு இதன் விளைவு தெரியும். கண்ணுக்கு நேராக அடிக்கும் எல்இடியைத் தாண்டியதும், சாக்கடை மேல் பாவிய கற்பலகைகளில் எது உடைந்திருக்கிறது, நிறுத்திய காருக்கு அடியில் தெருநாய் படுத்திருக்கிறதா என்று எதுவும் புலப்படாது. கூசிய கண் மீண்டும் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நாய்க்கு இந்தச் சிரமம் குறைவு; அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம், கிடைத்த சொற்ப ஒளியையும் திருப்பி அனுப்பி இன்னொரு முறை பயன்படுத்திக்கொள்கிறது. தடுக்கி விழுவது கயிற்றின் மறுமுனையில் இருப்பவர்தான்.

நடப்பவரின் கண்ணைக் கூச வைக்கும் அதே ஒளிதான் மேலே சிதறி வானத்தையும் வெளுக்க வைக்கிறது. வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம். சோடியம் விளக்கின் மஞ்சளைவிட அது காற்றில் கூடுதலாகச் சிதறும். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரின் கோரமங்களாவில் இருக்கிறது; இருண்ட வானம் தேவைப்படும் அதன் பெரிய தொலைநோக்கிகளோ ஜவ்வாது மலையின் காவலூரிலும் லடாக்கின் ஹான்லேயிலும் இருக்கின்றன. உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிவதாகச் சொன்ன விண்மீன்களை வைத்து 2023இல் வெளியான ஆய்வு, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுவதாகக் கணித்தது. போனின் நைட் மோடு இதைச் சரிக்கட்டிவிடும் என்று நினைப்பது தவறு. பல படங்களை அடுக்கி, வானத்தின் சாம்பல் ஒளியைக் கழித்துவிடலாம். அந்த ஒளி கொண்டுவந்த இரைச்சல் படத்திலேயே தங்கிவிடும். மங்கலான விண்மீன்கள் அதில்தான் மூழ்கிப்போகின்றன.

இங்கே எழும் வலுவான மறுப்பு பாதுகாப்பு. வேலை முடிந்து தாமதமாகத் திரும்பும் பெண்ணிடம் விண்மீனைக் காட்டி விளக்கை அணைக்கச் சொல்வது அநியாயம். 2016இல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் தற்காலிக விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் கணிசமாகக் குறைந்தன. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளின் 14 ஆண்டுத் தரவைப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, விளக்கைக் குறைத்த இடங்களில் விபத்தோ குற்றமோ கூடியதற்குச் சான்று காணவில்லை. எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே கணக்கு இல்லை என்றுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். எப்படியானாலும், ஒளி மேலேயும் பக்கவாட்டிலும் போகாதபடி மூடி போடுவது ஒரு விளக்கையும் அணைப்பதாகாது. வானத்துக்கும் மாடி ஜன்னலுக்கும் போய்க்கொண்டிருந்த ஒளியைத் தரைக்குத் திருப்பினால், எதிரே வருபவரின் முகமும் நன்றாகத் தெரியும், மின்சாரமும் மிச்சமாகும்.

விண்மீன் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஊருக்கு வெளியே போகட்டும் என்பார்கள். ஹான்லே 2022இல் இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அங்கே போய்வரக் காசும் விடுப்பும் வேண்டும். பெங்களூரின் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. அதோடு, தடுக்கி விழுகிறவருக்கு ஹான்லேயால் பயன் இல்லை. பிரான்ஸ் 2018இலேயே வெளிவிளக்குகளின் ஒளியில் நீலம் மிகாதபடி அவற்றின் வண்ண வெப்பநிலைக்குப் பொதுவாக 3,000 கெல்வின் என்று உச்சவரம்பு வைத்து, மேல்நோக்கிப் போகும் ஒளியையும் கட்டுப்படுத்தியது. இங்கே எரிகிற விளக்குகளை எல்லாம் ஒரே நாளில் கழற்ற வேண்டியதில்லை. பழுதாகி மாற்றும்போது மூடியுள்ள, மஞ்சள் சாயலுள்ள விளக்கையே வாங்குவது என மாநகராட்சி டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். தெருவிளக்கைவிட மோசமானவை அபார்ட்மென்ட் வாசல் ஃப்ளட்லைட்டுகளும் கடைப் பலகைகளும். அவற்றுக்கும் கோணமும் நேரமும் வகுக்காமல் மாநகராட்சி தன் கம்பங்களை மட்டும் திருத்தினால் பாதி வேலைகூட முடியாது.