தாமதம் என்னும் மறுப்பு

கனடாவின் தலைநகரான ஒட்டாவா, ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ளது. ஒட்டாவா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கியூபெக் மாகாணத்தின் கட்டினோ நகரம். ஒரு கரையில் வீடும் மறுகரையில் அலுவலகமுமாக நாள்தோறும் அந்தப் பாலத்தைக் கடப்போர் ஏராளம். இந்த இரு நகரங்களிலும் வசிக்கும் இருவர், வெளிநாட்டிலுள்ள தத்தம் மனைவியரை அழைத்துக்கொள்ள ஒரே நாளில் விண்ணப்பித்ததாகக் கொள்வோம். மனைவியர் இருவரின் உடல்நலம், குற்றப் பின்னணி, பாதுகாப்பு ஆகியவற்றைச் சரிபார்க்கும் சட்டம் ஒன்றுதான், துறையும் ஒன்றுதான். ஆனால், 2024-ஆம் ஆண்டு நிலவரப்படி, ஒட்டாவாவில் வசிப்பவருக்கு ஏறத்தாழ ஓராண்டில் முடிவு தெரிந்துவிடும். கட்டினோவில் வசிப்பவர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

குடியேற்ற விண்ணப்பங்கள் தாமதமாகும்போதெல்லாம் அரசுகள் கூறும் காரணங்கள் நமக்குப் பழக்கமானவை: ஊழியர் பற்றாக்குறை, விண்ணப்பப் பெருக்கம், போலித் திருமணங்களைக் கண்டறியத் தேவைப்படும் கவனம். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், ஓர் ஆற்றின் இரு கரைகளுக்கு இடையே இரண்டாண்டு வேறுபாடு ஏன் என்பதற்கு இவற்றில் விடை இல்லை. அந்த வேறுபாடு பரிசோதனையால் விளைந்ததல்ல, எண்ணிக்கையால் விளைந்தது.

கனடாவில் 2002-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம், குடும்பங்கள் ஒன்றுசேர்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே அறிவிக்கிறது. 2016 டிசம்பரில், அப்போதைய குடிவரவு அமைச்சர் ஜான் மெக்கல்லம், வாழ்க்கைத் துணைக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் 12 மாதங்களுக்குள் முடிக்கப்படும் என்று உறுதியளித்தார். ஆனால், இது சட்டத்தில் எழுதப்பட்ட காலக்கெடு அல்ல. துறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட இலக்கு. அது மீறப்பட்டால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் ஒருபுறம் இவ்வாறு கூற, மறுபுறம் ஆண்டுதோறும் எத்தனை பேருக்கு நிரந்தர வசிப்புரிமை வழங்குவது என்ற திட்டத்தையும் அரசு வகுக்கிறது. வாழ்க்கைத் துணைவர், பிள்ளைகள் பிரிவுக்கு 2024-இல் 82,000 என்று இருந்த இலக்கு, 2025-க்கு 70,000 ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டு வாடகையும் மக்கள்தொகையும் உயர்ந்துவந்த நாட்டில் குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்ற அரசியல் அழுத்தம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், அமைச்சரவை இலக்கைக் குறைத்ததற்காக எவரும் திருமணத்தைத் தள்ளிவைப்பதில்லை. விண்ணப்பிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. வழங்கப்படும் இடங்கள் மட்டும் குறைகின்றன. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே வரிசையாக நீள்கிறது.

இதன் முற்றிய வடிவத்தை கியூபெக்கில் காணலாம். 1991-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, குடியேற்றத்தில் அந்த மாகாணத்துக்குத் தனி அதிகாரம் உண்டு. குடும்பப் பிரிவில் ஆண்டுக்குச் சுமார் 10,400 பேர் என்பதே 2024-இல் அது வகுத்த அளவு. வந்து குவிந்த விண்ணப்பங்களோ அதைவிடப் பல மடங்கு. அளவை உயர்த்த மாகாண அரசு மறுத்தபோது, அதையும் தாண்டி விண்ணப்பங்களை முடிக்குமாறு தன் துறைக்கு ஆணையிட்டிருப்பதாக 2024 மார்ச்சில் மத்திய அமைச்சர் மார்க் மில்லர் அறிவித்தார். தன் அதிகாரத்தில் தலையிடுவதாக மாகாண அரசு கொதித்தது. அதே ஆண்டு ஜூனில், இரண்டாண்டுகளுக்கு மொத்தம் 13,000 குடும்ப விண்ணப்பங்களை மட்டுமே ஏற்போம் என்று அது வரம்பு விதித்தது. அவற்றுள் வாழ்க்கைத் துணைவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உரியவை 10,400. காலம் முடிவதற்கு வெகு முன்னரே அந்த எண்ணிக்கையும் நிரம்பிவிட்டது. அலுவலகத்துக்குள் இருந்த வரிசை வாசலுக்கு வெளியே நகர்த்தப்பட்டது, அவ்வளவுதான்.

பிரெஞ்சு மொழியைக் காப்பதே கியூபெக் முன்வைக்கும் வாதம். மொழியின் அருமை அறிந்த தமிழர்களால் அந்த அச்சத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. ஆனால், மான்ட்ரியாலில் வாழும் கணவனிடமிருந்து மூன்றாண்டுகள் பிரித்து வைக்கப்படும் பெண், அந்த மூன்றாண்டுகளில் பிரெஞ்சு கற்றுக்கொள்ளப் போவதில்லை. மாகாண அரசே நடத்தும் மொழி வகுப்புகளில் அவளை அமர்த்துவதுதான் அந்த மொழிக்குச் செய்யும் தொண்டு.

போலித் திருமண வாதமும் கவனத்துக்குரியது. குடியேற்றத்துக்காகவே செய்யப்படும் திருமணங்கள் உண்டு. அவற்றைத் தடுக்கும் கடமையும் அரசுக்கு உண்டு. இதற்காக 2012-இல் கனடா ஒரு விதியைக் கொண்டுவந்தது. உறவு தொடங்கி இரண்டாண்டுகளுக்கு உட்பட்ட, பிள்ளைகள் இல்லாத தம்பதியர் என்றால், துணையாக வந்தவர் இரண்டாண்டுகள் சேர்ந்து வாழ்ந்தால்தான் வசிப்புரிமை நிலைக்கும் என்றது அது. கொடுமை செய்யும் கணவனை விட்டு வெளியேற இயலாமல் பெண்களை அது கட்டிப்போடுகிறது என்ற விமர்சனம் வலுத்ததால் 2017-இல் விதி நீக்கப்பட்டது. சந்தேகத்தின் சுமையை எல்லார் மீதும் ஏற்றினால் நலிந்தவரே நசுங்குவர் என்பது அதில் கிடைத்த பாடம். நீண்ட காத்திருப்புக்கும் அந்தப் பாடம் பொருந்தும். அலமாரியில் உறங்கும் கோப்பு எந்தப் போலியையும் கண்டுபிடிப்பதில்லை.

மாறாக, தாமதம் புதிய வேலையையும் புதிய சந்தேகத்தையும் உருவாக்குகிறது. மருத்துவப் பரிசோதனைச் சான்று 12 மாதங்களுக்கே செல்லும். காத்திருப்பு அதைக் கடந்தால் மீண்டும் பரிசோதனை, மீண்டும் செலவு. திருமணம் மெய்யானதா என்று அறிய, தம்பதியர் சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரங்களை அதிகாரி தேடுகிறார். சேர்ந்து வாழ விடாததோ அதே துறை. எனவே, விமானப் பயணச்சீட்டுகளையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் நள்ளிரவு உரையாடல்களின் பதிவுகளையும் அவர்கள் சேகரித்துக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. இடையில் சென்று பார்த்துவரப் பார்வையாளர் விசா கேட்டாலோ, திரும்பிவிடுவார் என்ற நம்பிக்கை இல்லை என்று மறுக்கப்படுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2023 மே மாதம் இந்த விசாக்களை 30 நாள்களில் பரிசீலிக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது நல்ல திருத்தம். ஆனால், பார்வையாளராக வருபவரால் வேரூன்றி வாழ்க்கையைத் தொடங்க இயலாது.

இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. டொராண்டோவை அடுத்து மான்ட்ரியாலிலும் ஈழத் தமிழர்கள் கணிசமாக வாழ்கின்றனர். சில வார விடுப்பில் வந்து யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ தாலி கட்டிவிட்டுத் திரும்பும் மாப்பிள்ளைகளை நாம் அறிவோம். மணப்பெண் எப்படியும் கிளம்பிவிடுவாள் என்று வேலையை விடுகிறாள், மேற்படிப்பைத் தள்ளிவைக்கிறாள். பிறந்த வீட்டிலும் முழு உரிமையின்றி, புகுந்த வீட்டிலும் விருந்தாளியாக அவளுடைய ஆண்டுகள் கழிகின்றன. தகப்பனைத் திரையில் மட்டுமே பார்த்து வளரும் குழந்தைகளும் உண்டு.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டுக் குடும்ப ஒன்றிணைப்பு நெறியாணை, பிற நாட்டவர் தம் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்கள் மீது 9 மாதங்களுக்குள் எழுத்துமூலம் முடிவு தெரிவிக்க வேண்டும் என்கிறது. சிக்கலான நேர்வுகளில் நீட்டிப்பு உண்டு. மறுத்தால் காரணம் கூற வேண்டும். பெரும்பாலான உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் இந்த ஆணை எல்லா இடங்களிலும் செவ்வனே பின்பற்றப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், காலக்கெடு சட்டத்தில் இருக்கும்போது அதன் மீறல் கேள்விக்குரியதாகிறது. கனடாவிலோ, நியாயமற்ற தாமதத்துக்கு எதிராக மத்திய நீதிமன்றத்தில் கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை கோரலாம். ஆனால், வழக்குரைஞருக்குச் செலவிட வசதியுள்ளவரின் கோப்பை மட்டுமே அது நகர்த்தும், வரிசையைக் குறைக்காது.

எத்தனை பேரை ஏற்பது என்று முடிவெடுக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. கணவன் மனைவியரைச் சேர்ப்பதற்கும் வரம்பு வேண்டும் என்று ஓர் அரசு கருதினால், அதைச் சட்டமன்றத்தில் சொல்லி, வாக்காளர் முன் நியாயப்படுத்தட்டும். அவ்வாறு மறுக்கப்பட்டவர் வேறு வழி தேடலாம்; மேல்முறையீடு செய்யலாம்; தானே புறப்பட்டுத் துணையிருக்கும் நாட்டுக்குத் திரும்பலாம். உரிமை உண்டு என்று கூறி விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு, பதில் சொல்லாமல் ஆண்டுகளைக் கடத்தும்போது இந்த வழிகள் அனைத்தும் அடைபட்டுப் போகின்றன. காரணம் கூறாத மறுப்பை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. தாமதமும் அத்தகைய மறுப்பே என்று ஏற்றுக்கொண்டு சட்டத்தில் காலக்கெடு வகுப்பதுதான், குடும்பங்களை ஒன்றுசேர்ப்பதாகச் சொல்லும் சட்டத்துக்கு மரியாதை.