டாக்டர் ஆனால் போதுமா?

நம் வீட்டுப் பிள்ளை அறிவியல் பாடங்களில் சிறந்த தேர்ச்சி பெற்றுவிட்டால், அடுத்து எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “மருத்துவம் கிடைத்ததா?” கிடைத்துவிட்டால் நாளிதழில் படம், கோயிலில் அர்ச்சனை, உறவினர் வீட்டில் விருந்து. கிடைக்காமல் உயிரியலோ வேதியியலோ படிக்கப் போனால், “பாவம், வேறு வழியில்லாமல் எடுத்தது” என்று ஒரு பெருமூச்சு. மருத்துவத் தொழில் உயர்ந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், மருத்துவர் எழுதித் தரும் மருந்து எங்கிருந்து வந்தது, அதைத் தேடியவர் யார், எத்தனை ஆண்டுகள் தேடினார் என்று நாம் கேட்பதே இல்லை. இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது அந்தத் தேடலைப் பற்றித்தான்.

நானும் இந்தப் பேரவையில் இருந்தவன்தான். இப்போது நரம்பியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். திருமண வீடுகளில் “இன்னுமா படிக்கிறாய், தம்பி?” என்ற கேள்வி தவறாமல் வரும். கேட்பவர்கள் அன்பானவர்கள். ஆராய்ச்சி என்பதும் ஒரு வேலைதான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவே.

வலிப்பு, தீராத வலி, கை கால் நடுக்கம் ஆகிய மூன்றும் நம்மிடையே இல்லாத நோய்கள் அல்ல. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம். பெண்ணுக்கு வரன் தள்ளிப்போகும் என்று வெளியே சொல்லாமல் மறைக்கிறோம். தீராத வலி என்று ஒருவர் சொன்னால் “எல்லாம் மனப்பிரமை” என்கிறோம். தாத்தாவின் கை நடுங்கினால் “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடுகிறோம். மறைப்பதும், நம்ப மறுப்பதும், விதி என்று விடுவதும் நோயைத் தீர்க்கவில்லை. இந்த மூன்றையும் நரம்பு அணுக்களின் செயல்பாட்டோடு தொடர்புபடுத்தி, பொறுமையாக ஆராய்ந்தவர்களால்தான் ஓரளவு விடிவு பிறந்தது.

அவர்களில் ஒருவரின் பணி வாழ்க்கையை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் அமெரிக்க நரம்பியலாளர் மாலன் டிலாங். 1968இல் அந்நாட்டின் தேசிய சுகாதாரக் கழகத்தில் எட்வர்ட் எவார்ட்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். உடல் அசைவை மூளை எப்படி இயக்குகிறது என்பதே அக்கூடத்தின் ஆய்வு. மூளையின் மேற்புறணி, சிறுமூளை போன்ற ‘நல்ல’ பகுதிகளை மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டனர். புதிதாக வந்த டிலாங்குக்கு மிஞ்சியது, மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்கிலியா என்னும் நரம்பணுத் திரள்கள். அவை என்ன செய்கின்றன என்பது அன்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை.

மிஞ்சிய பகுதியை அவர் விடவில்லை. விழித்திருக்கும் குரங்குகள் கையை அசைக்கும்போது, தனித்தனி நரம்பணுக்களின் மின் துடிப்பை நுண்ணிய மின்முனைகளால் பதிவு செய்தார். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில அணுக்களின் பதிவே கிடைக்கும் வேலை அது. ஆண்டுக்கணக்கில் அதைச் செய்து, எந்தப் பகுதி எதனோடு இணைந்து ஒரு சுற்றாக இயங்குகிறது என்ற வரைபடத்தைத் தம் சகாக்களோடு உருவாக்கினார்.

1982இல் கலிபோர்னியாவில் ஓர் அவலம் நடந்தது. கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உடல் விறைத்துச் சிலையாகிப் போனார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற நச்சுப்பொருளே காரணம் என்பதை மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் கண்டறிந்தனர். அதன் பின்னர், பார்க்கின்சன் நோயை ஆய்வுக்கூட விலங்குகளில் உருவாக்கி ஆராய வழி பிறந்தது. டிலாங்கிடம் வரைபடம் தயாராக இருந்தது. நோயுற்ற குரங்குகளில் சப்தலாமிக் நியூக்கிளியஸ் என்ற மிகச் சிறிய பகுதி அளவுக்கு மீறித் துடிப்பதை அவருடைய குழு கண்டது. அப்பகுதியைச் செயலிழக்கச் செய்தபோது, அசைய முடியாமல் இருந்த குரங்குகள் மீண்டும் அசைந்தன. ஹகாய் பெர்க்மன், தாமஸ் விக்மன் ஆகியோருடன் 1990இல் அவர் இதை வெளியிட்டார். மிஞ்சிய இடத்தைக் கையில் எடுத்து அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன!

இதற்கிடையே பிரான்சின் கிரெனோபல் நகரில் அலிம் லூயி பெனபிட் என்பவர் வேறொரு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். இயற்பியலிலும் முனைவர் பட்டம் பெற்றவர். அக்காலத்தில் கடும் நடுக்கத்தைப் போக்க மூளையின் தலாமஸ் பகுதியில் ஒரு சிறு இடத்தை அழிப்பார்கள். அழிக்கும் முன், இடம் சரிதானா என்று மின்சாரம் செலுத்திச் சோதிப்பார்கள். 1987இல் அப்படிச் சோதித்தபோது பெனபிட் மின் துடிப்பின் வேகத்தை மாற்றிப் பார்த்தார். விநாடிக்கு ஏறக்குறைய 100 துடிப்புகளை எட்டியதும் நோயாளியின் நடுக்கம் நின்றது. எதையும் அழிக்காமலேயே நடுக்கத்தை நிறுத்தலாம் என்பது தெரிந்தது. டிலாங் குழுவின் கண்டுபிடிப்பு வெளிவந்தபின், 1993இல் சப்தலாமிக் பகுதியிலேயே மின்முனையைப் பொருத்தினார். ஆழ்மூளைத் தூண்டல் என்னும் இம்முறை நோயை வேரறுப்பதில்லை. ஆனால் நடுக்கத்தையும் விறைப்பையும் வெகுவாகக் குறைக்கிறது. உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பயனடைந்துள்ளனர். 2014இல் இருவருக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இதே வழிமுறையைத் தீராத வலிக்கு 1970களிலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஒரு நோய்க்காகக் கற்றது இன்னொரு நோய்க்குக் கை கொடுக்கிறது. மருந்துகளிலும் அப்படித்தான். 1953இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட கார்பமாசெபின், முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வரும் நரம்பு வலிக்குப் பலன் தருவதாக 1962இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது உலகின் முக்கிய வலிப்பு மருந்துகளில் ஒன்றாயிற்று.

“எல்லாம் மேல்நாட்டுக்காரன் சாதனை. அவன் கண்டுபிடிப்பான், நாம் வாங்கிக்கொள்வோம்” என்று சிலர் கூறலாம். அது எவ்வளவு ஆபத்தான எண்ணம் என்பதற்கு இதே கார்பமாசெபின்தான் சான்று. இம்மருந்தை உட்கொண்ட மிகச் சிலருக்குத் தோலும் வாய், கண் சவ்வுகளும் வெந்ததுபோல் உரிந்துபோகும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் எனப்படும் அந்தப் பாதிப்பு உயிரையே பறிக்கக்கூடும். காரணம் என்ன என்பதை 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்ட 44 பேரில் 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. மருந்தை ஏற்றுக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது காணப்பட்டது.

இந்த மரபணு வகை ஐரோப்பியரிடம் மிக அரிது. ஆசியர் பலரிடம் உண்டு. அப்படியானால் ஐரோப்பாவில் எத்தனை ஆய்வுகள் செய்தாலும் இந்த உண்மை அங்கே எப்படிப் புலப்படும்? பின்னர் மலேசிய ஆய்வுகள் இத்தொடர்பை மலாய்க்காரர்களிடமும் கண்டன. 2009இல் இந்தியாவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பாதிக்கப்பட்ட 8 பேரில் 6 பேரிடம் இம்மரபணு வகை இருந்தது. 2013இல் சிங்கப்பூரின் சுகாதார அதிகாரிகள், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். (ஏற்கெனவே நெடுநாளாக உட்கொள்பவர்கள் இதைப் படித்துப் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள்.)

நம் உடலைப் பற்றிய கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள் என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம். இங்கே தமிழர்கள் சிறுபான்மையினர். ஆய்வுகளில் பங்கேற்போர் பட்டியலிலும் நாம் சிறு எண்ணிக்கையே. ஆய்வு செய்பவர்களிலும் நாம் குறைந்துபோனால், நம் பாட்டியின் வலியும் நம் தங்கையின் வலிப்பும் எந்தக் கணக்கிலும் வராமல் போகும்.

ஆராய்ச்சி சோறு போடுமா என்ற கேள்வி நியாயமானது. உதவித்தொகை குறைவு; ஒப்பந்த வேலைகள் அதிகம்; கல்விக்கடன் கழுத்தை நெரிக்கும். வீட்டில் மூத்த பிள்ளையாக இருந்தால் சுமை இன்னும் கூடும். இவற்றை மறைத்துவிட்டு யாரையும் இப்பாதைக்கு அழைக்க நான் விரும்பவில்லை. குடும்பச் சூழலால் வேறு வேலைக்குப் போகிறவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், மனத்தில் ஆர்வமும் கையில் வாய்ப்பும் இருந்தும், “ஊர் என்ன சொல்லும்” என்பதற்காக மட்டும் விலகிப்போகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வேதனையாக இருக்கிறது.

இதில் நம் பேரவைக்கும் பங்குண்டு. பட்டிமன்றம், கவியரங்கம், நாடகம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் மேடையில் ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதைத் தமிழ் ஆய்வாளர்களுக்கும் ஒதுக்கலாம். தம் ஆய்வை நல்ல தமிழில், பெற்றோருக்கும் புரியும்படி அவர்கள் சொல்லட்டும். சொல்லச் சொல்லத் தமிழும் வளரும். முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் உதவியாளராக இருக்க முடியுமா என்று உங்கள் விரிவுரையாளரிடம் கேளுங்கள். மறுத்தால் அடுத்தவரைக் கேளுங்கள். கிடைப்பது யாரும் விரும்பாத தலைப்பாக இருந்தாலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டிலாங்குக்குக் கிடைத்ததும் அதுதானே!

பட்டதாரிகளான மூத்தவர்களே, அடுத்த திருமண வீட்டில் ஆய்வு மாணவர் ஒருவரைச் சந்தித்தால், “எப்போது முடிப்பாய்?” என்பதற்குப் பதிலாக “எதைத் தேடுகிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள். பதில் நீளமாக இருக்கும்.