கூலி தராத பயிற்சி

ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளில் தொழில் வளர்ப்பதாகவும் பயிற்சி தருவதாகவும் கூறி, கான்பெரா அரசு 2015-இல் ஒரு சமூக மேம்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வேலையில்லாதோர் உதவித்தொகை பெற வாரத்திற்கு 25 மணி நேரம் வரை உழைக்க வேண்டும். வராவிட்டால் தொகை வெட்டு. நகரத்து வேலையற்றோருக்கு இவ்வளவு கடுமை இல்லை. கூலியும் இல்லை, தொழிலாளர் உரிமையும் இல்லை. பெயர் மட்டும் பயிற்சி! கடும் எதிர்ப்புக்குப் பின் 2021-இல்தான் அக்கட்டாயம் கைவிடப்பட்டது.

1966-இல் வேவ் ஹில் பண்ணையில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிந்ஜி தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் கூலியோடு நிலத்தையும் கேட்டது. கம்யூனிஸ்ட் எழுத்தாளர் பிராங்க் ஹார்டி அவர்களுடன் நின்றார். 1975-இல் நிலத்தின் ஒரு பகுதி மீண்டது.

பாப்புன்யா ஓவியர்கள் 1972-இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் அவர்களுக்கே சொந்தம். மேற்கு ஆர்னெம் நிலத்தில், வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ மூட்டிப் பெருந்தீயைத் தடுக்கும் மூதாதையர் அறிவு, பழங்குடி வனக்காவலர்களுக்கு ஊதியமுள்ள வேலையாகியிருக்கிறது. அதற்குப் பணம் தர முன்வந்தது ஓர் எரிவாயு நிறுவனம் என்பது வேறு கதை.

முழுக் குறைந்தபட்ச ஊதியமும் நிலத்தின் மீது முடிவெடுக்கும் உரிமையும் முதலில் வழங்கப்பட வேண்டும். எந்தப் பயிற்சி தேவை என்பதை அம்மக்களே சொல்வார்கள்.