நடவு லேசான வேலையா?

பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் வத்திராயிருப்பு வயல்களில் இரண்டு கூலி பேசுவார்கள்: ஆம்பளைக் கூலி, பொம்பளைக் கூலி. ஏன் இரண்டு என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "வரப்பு வெட்டுறதும் நாத்து நடுறதும் ஒண்ணாய்யா? அது கஷ்டமான வேலை, இது லேசு" என்பார்கள். கேட்டவரும் தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பார்.

கணுக்காலுக்கு மேல் சேறு. ஒரு கையில் நாற்றுமுடி, மறுகையால் ஊன்றல். குனிந்த இடுப்பு நிமிராமல் பின்னாலேயே நகர வேண்டும். மண்வெட்டிக்காரர் நாலு வெட்டுக்கு ஒருதரம் நிமிர்ந்து பீடி பற்றவைக்கலாம். நடவில் ஒருத்தி நின்றால் வரிசையே கோணிப்போகும். லேசு என்கிறவர் அரை மணி நேரம் இறங்கி நட்டுவிட்டு வந்து பேசட்டும்.

பாரத்துக்குத்தான் கூலி என்றால், நடவு இயந்திரம் ஓட்டுகிறவருக்கு அல்லவா குறைத்துக் கொடுக்க வேண்டும்? அவர் ஆண், உட்கார்ந்து ஓட்டுகிறார், சம்பளம் கூடுதல். அடுப்பங்கரைக் கதையும் இதுதான். வீட்டில் பொங்குவது பெண்ணின் கடமை, ஓட்டலில் கல்லுக்கு முன்னால் நிற்பவர் 'மாஸ்டர்'. வீடு வீடாக ஏறி இறங்கும் 'ஆஷா' என்ற பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கோ, அரசு கொடுப்பதன் பெயரே சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ அதை ஒத்த வேலைக்கோ மட்டுமே சம கூலி என்றது. 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதே அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது. 1987இல் உச்ச நீதிமன்றத்தில் மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியை எதிர்த்துச் சுருக்கெழுத்தர் ஆட்ரி டிகோஸ்டா வென்றார். அங்கே அதே வேலைக்குக் கூடுதல் சம்பளம் வாங்கிய ஆண்கள் இருந்தார்கள். ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. நம் நடவு வயலில் ஆணே இல்லை. யாரோடு ஒப்பிடுவது? வேலையை ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவைத்த அன்றே வழக்கும் தோற்றுப்போயிற்று.

நூறு நாள் வேலைத் திட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம் வைத்தது. தமிழ்நாட்டில் அதற்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடனே எழுந்த புலம்பல் நினைவிருக்கிறதா? "நடவுக்கு ஆளே வரல, விவசாயம் அழிஞ்சுபோச்சு." லேசான வேலைதானே ஐயா, நீங்களே நட்டிருக்கலாமே!

உரவிலை, டீசல் விலையில் சிறு விவசாயி நசுங்குகிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்த நட்டத்தை ஈடுகட்டப் பெண் கூலியில் மட்டும் கைவைப்பது ஏன்? வரப்பு வெட்டுகிறவரிடம் ஒரு ரூபாய் குறைத்துப் பாருங்கள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த போகத்துக்கு ஆள் சொல்லும்போது பொம்பளைக் கூலி என்ற சொல்லை விட்டுவிடுங்கள். நடவுக்கூலி எவ்வளவு என்று கேளுங்கள்.