பம்பர் புராணம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால், "இந்த ஆசாமிக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று பாதியில் கேட்பீர்கள். வண்டியைப் பற்றித் தெரியாது. முகத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இருபது வருஷமாக மனித முகங்களை எழுதித்தான் பிழைக்கிறேன். இதுவும் ஒரு முகத்தைப் பற்றிய வழக்குத்தான்.

அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில், என் அத்தான் இருக்கிறார். போன வருஷம் ஒரு மாதம் அவர் வீட்டு விருந்தாளியாக இருந்தேன். அத்தானுடைய பிராணன் ஒரு பழைய மெர்ஸிடிஸில் இருக்கிறது. 1977-ஆம் வருஷத்து 450 எஸ்.எல். இரண்டு பேர் உட்காரலாம். கூரையை மடக்கிவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். புதிதாக வாங்கியவர் காலமான பிறகு அவர் மனைவி அதை அத்தானுக்கு விற்றாள். பின் பம்பரின் ரப்பரில் நீளமாக ஒரு கீறல். "அவர் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது சுவரில் இடித்துவிட்டேன்" என்று அந்தக் கிழவி சொன்னாளாம். இதை எனக்குச் சொன்னவர் அத்தானேதான். சொல்லிக்கொண்டே அந்தப் பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார்!

"ஏன் அத்தான், நன்றாகத்தானே இருக்கிறது?"

"எது நன்றாக இருக்கிறது? உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறது! ஐரோப்பாவில் இதன் முகமே வேறு, மாப்பிள்ளை. மெல்லிசான பம்பர், அகலமான விளக்கு. அந்த முகத்தை இதற்குக் கொடுக்கப் போகிறேன்."

விசாரித்ததில் அத்தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தது. இது ஒரு பெரிய சமயம்; ஊர் ஊராகப் பக்தர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் கட்சியையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வகை வண்டி ஜெர்மனியில் ஸிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலையில் 1971 முதல் 1989 வரை உருவாயிற்று. பிரீட்ரிக் கைகர் தலைமையில் இருந்த கலைஞர்கள் வரைந்த முகம் மெல்லிய முகந்தான். குறுக்கே வந்தது அமெரிக்கச் சட்டம். மணிக்கு 5 மைல் வேகத்தில் முட்டினாலும் விளக்கு முதலிய உறுப்புகள் கெடக் கூடாது என்று 1973-ஆம் வருஷ மாடல் வண்டிகளின் முன்பக்கத்துக்கு விதித்தார்கள். அடுத்த வருஷ மாடலில் பின்பக்கத்துக்கும் அதே விதி. பம்பர் தடித்து நீண்டது. விளக்குக்கோ 1940 முதலே ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்ணாடியும் இழையும் ஒன்றாக மூடி முத்திரையிட்ட, குறிப்பிட்ட அளவுள்ள விளக்குகளையே பொருத்த வேண்டும். ஆகவே அகலக் கண்ணாடி போய், நான்கு வட்டக் கண்கள் வந்தன. பம்பர் சட்டம் 1982-லும் விளக்குச் சட்டம் 1983-லும் தளர்ந்தன.

"சட்டம் மாட்டிய முகமூடியை எடுக்கிறோம், உள்ளே இருப்பது உண்மை முகம்" என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்காது.

முதலாவது, முகமூடி என்றால் பிறந்த பிறகு மாட்டியதாக இருக்க வேண்டும். அந்தத் தடித்த பம்பரை நியூயார்க் துறைமுகத்தில் போலீஸ்காரன் வந்து முடுக்கவில்லை. ஸிண்டெல்ஃபிங்கனில், அதே தொழிலாளிகள், அதே கூரையின் கீழ் பூட்டி அனுப்பினார்கள். அது பிறவி முகம்.

இரண்டாவது, அந்தப் பதினெட்டு வருஷங்களில் உருவான வண்டிகள் ஏறக்குறைய இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரம். அவற்றில் பாதிக்கு மேல் கப்பலேறியது அமெரிக்காவுக்கு. குடும்பத்தில் பாதிப் பேருக்கு மேல் வாய்த்த ஜாடையைப் 'பொய்' என்று சொல்ல எவனுக்கு அதிகாரம்?

மூன்றாவது விஷயந்தான் வேடிக்கை. அத்தான் வாங்கிய 'ஐரோப்பிய' பம்பர் ஒரு பெரிய பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியின் மேல், 'வியட்நாமில் செய்தது' என்று அச்சடித்திருந்தது! வியட்நாம் தொழிலாளியின் கை சுத்தமான கை. அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உண்மை முகத்தைத் தேடிப் புறப்பட்டவர், புது முகம் ஒன்றை விலைக்கு வாங்கி மாட்டிவிட்டு, அதையே உண்மை என்று சத்தியம் செய்யலாமா? வேகமானி இன்னும் மைலில்தான் ஓடுகிறது. உள்ளே அமெரிக்கா, வெளியே ஜெர்மனி, பெட்டியில் வியட்நாம்!

விளக்கை மாற்றுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஐரோப்பிய விளக்கு எதிரே வருகிறவனின் கண்ணைக் கூசாமல் சாலையில் ஒளியைக் கொட்டுகிறது என்று அத்தான் சொன்னார். இரவில் கண் தெரிய வேண்டும் என்று ஒருவர் மாற்றினால், அது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்கிற மாதிரி, யார் தடுப்பார்கள்? அழகுக்காக என்று சொல்லிக்கொண்டு மாற்றினாலும் பாதகமில்லை. அவரவர் காசு, அவரவர் ரசனை. 'இதுதான் அசல்' என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் முதல் நாவலை மறுபதிப்புப் போட்டார்கள். படித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ஒரே அழுகை, நீள நீளமான வர்ணனை. இருபத்திரண்டு வயதுப் பையனின் தடித்த பம்பர்! பக்கம் பக்கமாக வெட்டினேன். புத்தகம் ஒல்லியாயிற்று; எல்லாரும் மெச்சினார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மாள் மட்டும் கடிதம் எழுதினாள். அவள் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த நாவலை இரவில் உரக்கப் படித்துக் காட்டினாளாம். அவர் திரும்பத் திரும்பக் கேட்ட மழைக் காட்சியைப் புதுப் பதிப்பில் காணவில்லை. "அது எங்கே போயிற்று, ஸார்?" என்று கேட்டிருந்தாள்.

என்ன பதில் எழுதுவது? 'அது என் உண்மை முகம் அல்ல, அம்மா' என்றா? அந்த இரவுகளில் அந்த மனிதருக்குத் துணை இருந்தது நான் வெட்டிப் போட்ட பகுதிதானே!

ஒரு பொருள் எப்படி வரையப்பட்டது என்பது அதன் கதையில் முதல் பக்கம் மட்டும். யார் வீட்டில் வாழ்ந்தது, யார் கையில் இடிபட்டது என்பதெல்லாம் மீதிப் பக்கங்கள். முதல் பக்கத்தை மட்டும் பளபளப்பாக மறு அச்சுப் போட்டு, மீதியைக் கிழித்துவிட்டு, 'முழுப் புத்தகம்' என்று விற்கக் கூடாது.

இவ்வளவையும் அத்தானிடம் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைக்காமலே கேட்டார். "நீ எழுத்தாளன், பேசுவே" என்றார். புது பம்பரைப் பூட்டியும் விட்டார். வண்டி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

ஆனால் குப்பை வண்டி வருகிற நாளில் பழைய பம்பர் வாசலுக்குப் போகவில்லை. ஷெட்டில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால், துணி சுற்றிச் சாத்தி வைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்துத் திருநெல்வேலிக்குத் தபாலில் அனுப்பினேன்.