துறைமுகத்துக்குப் பக்கத்து வீடு!

கப்பல் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது குட்டீஸ்? வீட்டு ஜன்னலைத் திறந்தாலே கப்பல் தெரிந்தால் இன்னும் ஜாலி. ஆனால், நடுராத்திரி இரண்டு மணிக்கு அதே கப்பலில் இருந்து இரும்புப் பெட்டிகளை, 'டமார், டமார்' என்று இறக்கினால்?

ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் நகரம் இந்தச் சிக்கலோடுதான் வீடு கட்டி வருகிறது. கடலில் இருந்து 100 கி.மீ.க்கும் மேல் உள்ளே தள்ளி, எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் இது. ஆனாலும், ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் காபி, கோகோ எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நகரத்தை ஒட்டிய கரையிலேயே கிடங்குகளும் கொட்டகைகளும் இருந்தன. 1960களின் கடைசியில் கன்டெய்னர் வந்தது. எல்லாம் மாறிப் போனது. கப்பல்கள் ராட்சத அளவுக்கு வளர்ந்தன. பெட்டிகளை அடுக்கி வைக்கப் பெரிய பெரிய மைதானங்கள் தேவைப்பட்டன. பழைய துறைகளில் அதற்கு ஏது இடம்? வேலையெல்லாம் ஆற்றின் தென்கரைப் பக்கம் நகர்ந்தது. வடகரை வெறிச்சோடியது.

அந்த இடத்தில் வீடுகளும் அலுவலகங்களும் கட்டப் போவதாக 1997ல் அறிவித்தார், அப்போதைய மேயர் ஹென்னிங் வோஷராவ். மொத்தம் 157 ஹெக்டேர். அதாவது, கிட்டத்தட்ட 390 ஏக்கர். பெயர் ஹாஃபன்சிட்டி. ஜெர்மன் மொழியில், 'ஹாஃபன்' என்றால் துறைமுகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1880களில், இதை ஒட்டிய பகுதியில் சுமார் 20 ஆயிரம் பேர் குடியிருந்தார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டுத்தான் துறைமுகத்துக்குக் கிடங்குகள் கட்டினார்கள். அந்தச் செங்கல் கிடங்குகள் 2015ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டன! அதோடு முடியவில்லை. ஹாஃபன்சிட்டி மனைகளை விற்று வரும் பணம், ஆல்டன்வெர்டர் என்ற இடத்தில் புதிய கன்டெய்னர் துறை அமைக்க உதவும் என்று திட்டம் போட்டார்கள். ஆல்டன்வெர்டர் ஒரு கிராமம். மக்களை எல்லாம் காலி செய்ய வைத்தார்கள். 2002ல் துறை திறந்தது. கிராமத்தின் பழைய சர்ச் மட்டும் இன்னும் நிற்கிறது. ஒரு பக்கம் வீடு முளைக்க, இன்னொரு பக்கம் வீடு மறைந்தது.

சரி, சத்தத்துக்கு வருவோம். துறைமுகம் எங்கேயும் ஓடிவிடவில்லை. அக்கரையில் இரவு பகலாக வேலை நடக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள், 'தூக்கம் கெடுகிறது, ராத்திரி வேலையை நிறுத்துங்கள்' என்று கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? கப்பல் காத்திருக்காது, வேறு துறைமுகத்துக்குப் போய்விடும். அத்தனை தொழிலாளர்களின் பிழைப்பும் போய்விடும்.

ஹாம்பர்க் இரண்டு வழி கண்டுபிடித்தது. ஒன்று, துறைமுகச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நிலப் பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள். இரண்டாவது, ஜன்னல்!

ஜெர்மானியர்களுக்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கும் பழக்கம் உண்டு. அதனால், இரட்டை ஜன்னல் செய்தார்கள். வெளிக்கதவின் திறப்பும் உள்கதவின் திறப்பும் நேருக்கு நேர் இருக்காது. காற்று வளைந்து உள்ளே வரும். சத்தமோ வரும் வழியிலேயே தேய்ந்துவிடும். ஜன்னல் திறந்திருந்தாலும் படுக்கை அறையில் இரவில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அது ஒரு கிசுகிசுப்பு அளவுதான்.

பத்திரத்தைவிட இந்த ஜன்னல்தான் கெட்டிக்காரத்தனம். கையெழுத்துப் போட்டது அப்பா, அம்மா. அங்கே பிறக்கும் குழந்தை எதிலும் கையெழுத்துப் போடவில்லையே!

தண்ணீர் பயமும் உண்டு. 1962 பிப்ரவரியில் வந்த புயல் வெள்ளத்தில் ஹாம்பர்க்கில் 315 பேர் இறந்தார்கள். ஹாஃபன்சிட்டி, வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே இருக்கிறது. அதனால், கடல் மட்டத்தில் இருந்து எட்டு, ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மண் மேடு போட்டு அதன்மேல் வீடு கட்டினார்கள். ஆற்றோர நடைபாதையை மட்டும் தாழ்வாக விட்டுவிட்டார்கள். வெள்ளம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று! இங்கே 2009ல் திறந்த பள்ளிக்கு விளையாட்டு மைதானம் எங்கே தெரியுமா? மொட்டை மாடியில்!

முதலில் கட்டிய வீடுகள் பணக்காரர்களுக்கே எட்டும் விலையில் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு வீடு, அரசு உதவியோடு குறைந்த வாடகைக்குத் தரப்பட வேண்டும் என்பதெல்லாம் பிறகு வந்ததுதான். தாமதமாகத்தான் விழித்தார்கள்.

இப்போது ஆற்றின் தென்கரையிலேயே, கிராஸ்புரூக் என்ற இடத்தில் சுமார் 3,000 வீடுகளுக்குத் திட்டம் தயார். துறைமுகத்தை ஒட்டி அலுவலகங்களையும் தொழிற்கூடங்களையும் சுவர் மாதிரி நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பின்னால் வீடுகள் கட்டப் போகிறார்கள். துறைமுகத் தொழில் நடத்துபவர்களுக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ஹாஃபன்சிட்டிக்கும் கிரேன்களுக்கும் நடுவே ஓர் ஆறாவது இருந்தது. கிராஸ்புரூக்கில் அதுவும் கிடையாது.